நெருப்பாற்றில் சுழலும் பிளேடு

1982-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி இரவு. 248 பயணிகளையும் 15 விமானச் சிப்பந்திகளையும் சுமந்துகொண்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. உயரம் 37,000 அடி. ரேடார் திரையில் மேகம் எதுவும் இல்லை. ஜாவாத் தீவுக்குத் தெற்கே வந்தபோது விமானிகளின் முன்பக்கக் கண்ணாடியில் நீல ஒளி மினுமினுவென்று படர்ந்தது. பயணிகள் இருந்த பகுதியில் கந்தக நெடியுடன் புகை பரவியது. சற்று நேரத்தில் நான்காம் எண் எஞ்சின் நின்றது. அடுத்து இரண்டாம் எண். பிறகு ஒன்றாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நின்றுபோயின.

நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்ட ஒரு ஜம்போ விமானத்தைக் கற்பனை செய்து பாருங்கள்! அது கல்லைப்போல் விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். ஆகவே கேப்டன் எரிக் மூடியும் அவருடைய தோழர்களும் சில நிமிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சின்களை மறுபடியும் மறுபடியும் கிளப்பிப் பார்த்தார்கள். சுமார் 13,000 அடி உயரத்துக்கு இறங்கிய பிறகு நான்காம் எண் எஞ்சின் உயிர் பெற்றது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. அவற்றுள் ஒன்று மீண்டும் தகராறு செய்ததால் அதை நிறுத்திவிட்டு, மூன்று எஞ்சின்களுடன் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். முன்கண்ணாடி உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாற்போல் மங்கிப் போயிருந்தது.

காரணம் பின்னர் தெரிந்தது. ஜாவாவில் கலுங்குங் என்னும் எரிமலை வெடித்துச் சாம்பலைக் கக்கியிருந்தது. விமானம் அந்தச் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. சாம்பலில் ஈரம் இல்லாததால் ரேடாருக்கு அது தெரியவில்லை.

எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பல் அல்ல. பொடியான பாறையும் கண்ணாடித் துகளுமே ஆகும். அது எஞ்சினுக்குள் போனால் தேய்மானம் ஏற்படும் என்பது சரி. ஆனால் நான்கு எஞ்சின்களும் சில நிமிடங்களில் மூச்சடைத்து நிற்பானேன்? அதைவிட விந்தை, அவை மறுபடி ஓடத் தொடங்கியது எப்படி? இதற்கு விடை காண வேண்டுமானால் ஜெட் எஞ்சினின் வயிற்றுக்குள் நாம் சற்றுப் புகுந்து பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சூடு?

ஜெட் எஞ்சின் என்பது வாயு டர்பைன் வகையைச் சேர்ந்த இயந்திரம். முன்புறத்தில் கம்ப்ரசர். பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு இது அண்ணன் முறை எனலாம். அங்கே பிஸ்டன் வேலை செய்கிறது. இங்கே வரிசை வரிசையாகச் சுழலும் பிளேடுகள் காற்றை வாரி வாரிப் பின்னால் திணிக்கின்றன. அப்படி அமுக்கப்பட்ட காற்றில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறார்கள். கொதிக்கும் வாயு பின்னாலுள்ள டர்பைன் சக்கரத்தின் பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. டர்பைனும் கம்ப்ரசரும் ஒரே அச்சில் கோக்கப்பட்டவை. எனவே டர்பைன் சுழன்றால்தான் கம்ப்ரசருக்குக் காற்றைத் திணிக்க வலு கிடைக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். டர்பைன் சம்பாதிப்பதில் பெரும்பகுதியைக் கம்ப்ரசரே தின்றுவிடுகிறது! 1939-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில் பிரவுன் போவெரி கம்பெனி நிறுவிய வாயு டர்பைன், ஊருக்கு மின்சாரம் தர அமைக்கப்பட்ட முதல் வாயு டர்பைன் ஆகும். அதன் டர்பைன் 15,400 கிலோவாட் திறனை உண்டாக்கியது. அதில் 11,400 கிலோவாட் கம்ப்ரசருக்கே போயிற்று. மிஞ்சியது 4,000 கிலோவாட்தான். எரிபொருளில் அடங்கிய ஆற்றலில் சுமார் 17 சதவீதம் மட்டுமே மின்சாரமாயிற்று. அதற்கு முன்னால் முயன்ற பலருக்கு அதுவும் மிஞ்சவில்லை. நார்வேயின் எல்லிங் என்ற பொறியியலாளர் 1903-இல் வெறும் 11 குதிரைத்திறன் மிச்சம் பிடித்ததே அந்நாளில் சாதனை.

பென்சிலை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். டர்பைன் தரும் வேலை, அதற்குள் நுழையும் வாயுவின் தனி வெப்பநிலைக்கு, அதாவது கெல்வின் வெப்பநிலைக்கு, நேர்விகிதத்தில் இருக்கும். கம்ப்ரசர் கேட்கும் வேலையோ வெளிக்காற்றைப் பொறுத்தது. பின்னால் நெருப்பு எவ்வளவு சூடாக எரிந்தாலும் அது மாறாது. நியூஷாடெல்லில் வாயு சுமார் 550 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நுழைந்தது. இது 823 கெல்வின். அதே இயந்திரத்தில் 1,000 டிகிரி சூடுள்ள வாயுவை, அதாவது 1,273 கெல்வின் வாயுவை, விட முடிந்திருந்தால்? 15,400-ஐ 1,273-ஆல் பெருக்கி 823-ஆல் வகுத்தால் சுமார் 23,800 கிடைக்கிறது. கம்ப்ரசரின் பங்கு அதே 11,400. மிச்சம் 12,400 கிலோவாட்! தனி வெப்பநிலை ஒன்றரை மடங்கு ஏறியதற்கு, நமக்குக் கிடைப்பது மூன்று மடங்கு. வாயு டர்பைன் பொறியியலாளர்கள் கடந்த எண்பது ஆண்டுகளாக நெருப்பின் சூட்டை ஏற்றிக்கொண்டே போனதன் ரகசியம் இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது.

அந்த இயந்திரத்தில் அவர்கள் ஏன் 550 டிகிரியோடு நின்றார்கள்? பிளேடு தாங்காது என்பதனால்தான்.

நான்கு யானைகளின் கனம்

ஜெட் எஞ்சினைப் பற்றிப் பேசினால் பிராங்க் விட்டிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆங்கிலேய விமானப்படையின் இளம் அதிகாரியாக இருந்த அவர் 1930 ஜனவரியில் ஜெட் எஞ்சினுக்குப் பேடண்ட் கோரினார். 1935-இல் அதைப் புதுப்பிக்க வேண்டிய 5 பவுன் கட்டணத்தைக் கட்ட அவரிடம் பணம் இல்லை. அரசாங்கமும் கட்ட முன்வரவில்லை. பேடண்ட் காலாவதியாயிற்று. இருந்தாலும் விடாமுயற்சியுடன் 1937 ஏப்ரல் 12-ஆம் தேதி ரக்பி நகரில் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஒஹைன் தனியாக அதே எண்ணத்தை வளர்த்து, 1939 ஆகஸ்ட் 27-இல் உலகின் முதல் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டார். விட்டிலின் எஞ்சின் பறந்தது 1941 மே 15-இல்.

விட்டிலின் கதை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. எனக்கு என்னவோ அதைவிட அவர் எஞ்சினுக்குள்ளிருந்த பிளேடுகளின் கதைதான் சுவையாகப் படுகிறது. தொடக்கத்தில் அவை உருக்கினால் செய்யப்பட்டன. சூட்டில் நீண்டன, முறிந்தன. 1940-களின் தொடக்கத்தில் மாண்ட் நிக்கல் கம்பெனியின் உலோகவியலாளர்கள் நிக்கலுடன் ஐந்தில் ஒரு பங்கு குரோமியமும், சிறிதளவு டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்து நிமோனிக் என்ற கலவையை உருவாக்கினார்கள். ஜெட் எஞ்சின் நம்பகமானதாக ஆனது அதன் பிறகுதான். ஜெர்மனிக்கோ போர்க்காலத்தில் நிக்கல் கிடைக்கவில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 262 போர் விமானத்தின் எஞ்சினை மட்டமான உருக்கைக் கொண்டே செய்தார்கள். அது தாங்கியது 10 முதல் 25 மணி நேரம் வரைதான்! ஆனால் அந்தப் பஞ்சத்திலும் ஒரு நல்ல யோசனை பிறந்தது. பிளேடைக் குழலாகச் செய்து, உள்ளே காற்றை ஓட்டிக் குளிர்வித்தார்கள். இதைப் பின்னால் பார்ப்போம்.

பிளேடின் மீது விழும் சுமை எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதன் துன்பம் நமக்குப் புரியும். உள்ளங்கை அளவுள்ள, 300 கிராம் எடையுள்ள பிளேடு ஒன்று, அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வேகம் விநாடிக்கு சுமார் 524 மீட்டர். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,65,000 நியூட்டன் வரும். அதாவது ஏறக்குறைய 17 டன் எடை! கவணில் சுழலும் கல் கயிற்றை இழுப்பது போல, 300 கிராம் பிளேடு தன் வேரை நான்கு யானைகளின் கனத்தோடு இழுக்கிறது. அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்? கொல்லன் உலையில் இரும்பு செக்கச் சிவந்து மெழுகுபோல் வளைந்து கொடுக்குமே, அதைவிடச் சூடான வாயுவுக்கு நடுவில்.

முறிந்து விழுவதற்கு முன்பே வேறொரு தொல்லை இருக்கிறது. வீட்டில் துணி காயப் போடும் நைலான் கொடியைக் கவனித்திருக்கிறீர்களா? இழுத்துக் கட்டிய அன்று விறைப்பாக இருக்கும். அறுந்துபோகவில்லை, யாரும் அவிழ்க்கவும் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் தொய்ந்துவிடுகிறது. தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும், நெடுநேரம் தாங்கினால் பொருள் சிறிது சிறிதாக நீளும். இதற்கு ஊர்தல் என்று பெயர். உலோகங்களில், உருகுநிலையில் பாதியை நெருங்கும்போது இந்த ஊர்தல் தலைகாட்டும். இங்கும் கெல்வினில்தான் கணக்கு. டர்பைன் பிளேடின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பிளேடு அந்த அளவு ஊர்ந்து நீண்டால் கூட்டில் உரசும்; அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்தலை நீங்களே பார்க்கலாம். ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஈயப்பற்று வைக்கும் சால்டர் கம்பி அரை மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் சுமார் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, நுனி இருக்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். நாள்தோறும் பார்த்து ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள். சால்டர் 183 டிகிரியில் உருகுவது. ஆகவே நம் அறையின் சூடே அதற்கு டர்பைன் சூடு மாதிரி! ஈயம் நஞ்சு என்பதால் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

ஒரே படிகம்

ஊர்தல் ஏற்படுவது எங்கே? புதிதாக வாங்கிய துத்தநாக முலாம் பூசிய வாளியைப் பாருங்கள். அதன் பக்கங்களில் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். எல்லா உலோகங்களும் இப்படிப் பல படிகங்கள் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டு உண்டானவையே; பெரும்பாலும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒரு படிகமும் அடுத்த படிகமும் சேரும் எல்லைக்கோட்டில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை. மிகுந்த சூட்டில் படிகங்கள் அந்த எல்லைகளில்தான் வழுக்குகின்றன. விரிசலும் அங்கேதான் தொடங்குகிறது. இழுவிசைக்குக் குறுக்கே அமைந்த எல்லைகள் மிகவும் மோசம்.

அப்படியானால் எல்லைகளே இல்லாமல் செய்துவிட்டால்? அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி கம்பெனியில் பிரான்சிஸ் வெர்ஸ்னைடர் என்ற உலோகவியலாளரும் அவருடைய குழுவினரும் 1960-களில் கேட்டுக்கொண்ட கேள்வி இது. கேட்க எளிது, செய்யக் கடினம்.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, பிளேடை வார்க்கும் முறையை முதலில் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஸ்தபதிகள் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த அதே வழியில் இன்றும் சிலை வார்க்கிறார்கள். தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை அப்பிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடு வார்க்கப்படுவதும் இந்த மெழுகு வார்ப்பு முறையில்தான்! மண்ணுக்குப் பதில் பீங்கான் குழம்பில் மெழுகைப் பலமுறை தோய்த்தெடுக்கிறார்கள். காற்றில்லா அறையில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிளேடுக்குள்ளே காற்று ஓட வளைந்து வளைந்து செல்லும் பாதைகள் வேண்டுமல்லவா? அந்தப் பாதைகளின் வடிவில் ஒரு பீங்கான் துண்டைச் செய்து மெழுகுக்குள் புதைத்துவிடுவார்கள். வார்த்து முடிந்ததும் காஸ்டிக் காரத்தில் அதைக் கரைத்துவிட்டால் உள்ளே குடைந்தாற்போல் பாதை கிடைத்துவிடும்.

சாதாரணமாக வார்த்தால் அச்சின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உலோகம் இறுகும். ஆயிரக்கணக்கான படிகங்கள் தோன்றும். பிராட் அண்ட் விட்னியில் அச்சை உலைக்குள்ளேயே சூடாக வைத்து, அடியில் மட்டும் நீரால் குளிர்வித்த செப்புத் தகட்டை வைத்தார்கள். பிறகு அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள். கீழிருந்து மேலாக உலோகம் இறுகிக்கொண்டே வந்தது. படிகங்கள் கரும்புத் தோட்டம்போல் நீளவாக்கில் வளர்ந்தன. குறுக்கெல்லைகள் ஒழிந்தன. இது பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு ஒரு வேடிக்கையான தந்திரம் செய்தார்கள். செப்புத் தகட்டுக்கும் பிளேடின் அடிக்கும் நடுவில் பன்றியின் வால்போல் சுருண்ட ஒரு குறுகிய பாதையை வைத்தார்கள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கவுண்டருக்குப் போகும் குறுகலான சந்து நினைவுக்கு வருகிறதா? வெளியே நூறு பேர் முண்டினாலும் உள்ளே ஒருவர்தான் போக முடியும். அதுபோல, தகட்டில் முளைத்த பல படிகங்களும் அந்தச் சுருளுக்குள் போட்டியிட்டு நுழைகின்றன. திருப்பத்துக்குத் திருப்பம் ஒவ்வொன்றாக முட்டி நின்றுவிட, மேலே தலைநீட்டுவது ஒரே ஒரு படிகம். அதுவே முழுப் பிளேடையும் நிரப்பி வளர்ந்துவிடுகிறது. உள்ளங்கை அளவுள்ள பிளேடு முழுவதும் ஒரே கற்கண்டுக் கட்டிபோல் ஒரே படிகம்! இத்தகைய பிளேடுகளுடன் பயணி விமானத்துக்கான முதல் எஞ்சின் 1982-இல், அதாவது ஜாவாவில் எஞ்சின்கள் நின்ற அதே ஆண்டில், அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

நம் நாட்டிலும் இந்த வித்தை கைவந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக ஒற்றைப் படிகப் பிளேடுகள் 60-ஐச் செய்து கொடுத்ததாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. உலகில் ஒருசில நாடுகளுக்கே கைவந்த தொழில் இது.

உருகுநிலைக்கு மேலே

இவ்வளவு பாடுபட்ட பிறகும் ஒன்றை மாற்ற முடியாது. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். பிளேடுக்கான நிக்கல் கலவைகள் அதற்கும் முன்பே, சுமார் 1,300 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். ஆனால் இன்றைய பெரிய ஜெட் எஞ்சின்களில் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் சூடு 1,600 டிகிரியைத் தொடுகிறது. உருகிப்போக வேண்டிய பிளேடு உருகாமல் சுழல்கிறதே, எப்படி?

காய்ந்த தோசைக்கல்லில் அம்மா தண்ணீர் தெளிக்கும்போது துளிகள் உடனே ஆவியாகிவிடாமல் முத்துமுத்தாக ஓடி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய நீராவிப் படலம் ஒன்று தோன்றிச் சூட்டைத் தடுக்கிறது. பிளேடையும் இப்படி ஒரு படலம்தான் காப்பாற்றுகிறது. கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பிப் பிளேடின் குழலுக்குள் விடுகிறார்கள். அது உள்ளே சுற்றி வந்து, பிளேடின் மேற்பரப்பில் உள்ள ஊசித்துளைகள் வழியாகக் கசிந்து, போர்வைபோல் பிளேடை மூடிக்கொள்கிறது. நெருப்பு வாயு பிளேடை நேராகத் தொடுவதே இல்லை. இந்தக் "குளிர்ந்த" காற்றின் சூடு என்ன தெரியுமா? 600 டிகிரிக்கும் மேல்! அமுக்கப்பட்டதால் சூடேறிய காற்று அது. 1,600-க்கு முன்னால் 600 குளிர்ச்சிதானே.

படலத்துக்கு அடியில், உலோகத்தின் மேல், சிர்க்கோனியா என்ற பீங்கான் பூச்சும் இருக்கிறது. தடிமன் கால் மில்லிமீட்டருக்குள்தான். பீங்கான் சூட்டை எளிதில் கடத்தாது. இரண்டும் சேர்ந்து உலோகத்தைச் சுமார் 1,100 டிகிரிக்குள் வைத்திருக்கின்றன.

இது சும்மா கிடைப்பதல்ல. பிளேடுகளுக்கும் சுற்றியுள்ள பாகங்களுக்குமாகக் கம்ப்ரசர் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது. கஷ்டப்பட்டு அமுக்கிய காற்றை எரிக்காமல் குளிர்விக்கச் செலவழிப்பது நஷ்டம்தான். ஆகவேதான் இன்றைக்குக் குளிர்காற்று அதிகம் தேவைப்படாத சிலிக்கன் கார்பைடு பீங்கானால் சில பாகங்களைச் செய்கிறார்கள். 2016-இல் பயணி விமானங்களில் பறக்கத் தொடங்கிய லீப் எஞ்சினில் டர்பைன் பிளேடுகளைச் சூழ்ந்திருக்கும் வளையம் இத்தகைய பீங்கானே. அது சுழலாத பாகம் என்பதைக் கவனியுங்கள். 17 டன் இழுவையைத் தாங்க இன்னும் பெரும்பாலும் நிக்கல்தான்.

இனி அந்த ஜாவா இரவுக்கு வருவோம். எரிமலைச் சாம்பல் ஏறக்குறைய 1,100 டிகிரியில் உருகும். எஞ்சினின் நெருப்போ அதைவிடச் சூடானது. உள்ளே போன சாம்பல் உருகிப் பாகாகி, நெருப்பறைக்கு அடுத்தபடியாக உள்ள அசையாத பிளேடுகளின்மேல் அப்பிக்கொண்டது. அவை காற்றால் குளிர்விக்கப்பட்டவை அல்லவா? ஆகவே பட்டதும் பாகு கண்ணாடியாக உறைந்தது. வாயு வெளியேறும் சந்துகள் குறுகின. பின்னால் வழி அடைபட்டதும் கம்ப்ரசர் திணறியது, நெருப்பு அணைந்தது. அணைந்தபின் எஞ்சினுக்குள் குளிர்ந்த வெளிக்காற்று பாய்ந்தது. கண்ணாடி சுருங்கி விரிசல் கண்டு, துண்டு துண்டாக உதிர்ந்தது. வழி திறந்துகொண்டது. சாம்பல் மேகத்துக்குக் கீழே, சுத்தமான காற்றுக்கு வந்தபிறகு எஞ்சின்கள் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

1989 டிசம்பர் 15-ஆம் தேதி அலாஸ்காவில், ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் நுழைந்த டச்சு நாட்டுப் போயிங் 747 ஒன்றின் நான்கு எஞ்சின்களும் இதேபோல் நின்று, மீண்டும் ஓடின. அதன் பிறகு சாம்பல் மேகங்களைச் செயற்கைக் கோள்களைக் கொண்டு கண்காணித்து விமானங்களுக்குச் சொல்ல, உலகை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து நிலையங்கள் அமைத்தார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை ஒன்று வெடித்தபோது ஐரோப்பாவின் வான்வெளியில் பெரும்பகுதியைப் பல நாட்கள் மூடியதும் இந்த அச்சத்தால்தான்.

எரிமலை இல்லாத இடத்திலும் இந்தத் தொல்லை இருக்கிறது. பாலைவனத்து விமான நிலையங்களில் புழுதியை உறிஞ்சும் எஞ்சின்களில், மணல் உருகிப் பீங்கான் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கி உறைகிறது. எஞ்சின் குளிரும்போது பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். நெருப்பின் சூட்டை ஏற்ற ஏற்ற, முன்பு உருகாமல் ஓடிப்போன புழுதியும் உருகத் தொடங்கியிருக்கிறது. அதனால் விமானம் தரையில் நிற்கும்போது மெக்கானிக்குகள் மெல்லிய குழலுள்ள காமிராவை எஞ்சினின் துளை வழியாக நுழைத்து, சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு பிளேடாகப் பூச்சு பெயர்ந்திருக்கிறதா, ஊசித்துளைகள் அடைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.